வலது கண்ணுக்குச் சொன்ன சாட்சி

சிட்டம்மாள் என் வீட்டுக்காரர் ஜான்சனுக்கு அக்கா; எனக்கு அண்ணி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது சர்ச் பதிவேட்டோடு சரி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் காலனி. அடுத்தடுத்த வீடு. அண்ணிக்கு ஐம்பத்தாறு வயது. அதில் நாற்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் குனிந்தே போயிற்று. நடவு, களை, அறுப்பு, வேர்க்கடலை பிடுங்குவது, அது எதுவும் இல்லாத மாதத்தில் நூறு நாள் வேலை. புருஷன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகன் தினேஷ்குமார் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே வாடகைக்கு இருக்கிறான்.

நல்ல மனுஷி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

இந்த அம்மாளுக்கு வாயில் 'போதவில்லை' என்ற வார்த்தையே கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு கரண்டி சோறு விழுந்தவுடனே இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்துக்கொண்டு, நிறைந்துவிட்டது என்பார். வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிழிந்து தின்பார். புருஷன் செத்த வீட்டில் ஜான்சன் போய் என்னக்கா வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு குறையும் இல்லை நைனா என்றாராம். அன்றைக்கு வீட்டில் விளக்கேற்ற எண்ணெய் கூட இல்லை. யாராவது ஒரு நல்லது செய்துவிட்டால் போதும், அதில் குறை இருக்கிறது என்று சொல்வது பாவம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எங்கள் காலனியில் பாதிப் பேர் அப்படித்தான். அண்ணி அதில் முதல் ஆள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அண்ணி ஐந்தாவது வரைக்கும்தான் படித்தார். ஆனால் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கும் மனப்பாட வசனப் போட்டியில் அந்தக் காலத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அப்படியே ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் பிரசங்கத்தில் பாஸ்டர் ஒரு வசனத்தில் தடுமாறினால் மூன்றாவது வரிசையிலிருந்து அண்ணியின் உதடு அசையும். பாஸ்டர் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

போன வருஷம், சித்திரை வெயிலில் நடுகிற சொர்ணவாரிப் பருவத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. புருஷோத்தமன் என்பவர் நிலத்தில் களை எடுப்பு. ஒருத்திக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டு போவார்கள். நெல்லைப் போலவே வளர்கிற ஒரு களைப்புல் உண்டு. அடித்தண்டையும் இலை முளைக்கிற இடத்தையும் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். அண்ணியிடம்தான் புதுப் பெண்கள் அதைக் கேட்டுக்கொள்வார்கள். அன்றைக்குச் சாயங்காலம் புருஷோத்தமன் வரப்பில் நடந்து வந்து பார்த்தால், ஒரு பாத்தியில் மட்டும் புல் ஜோராக நிற்கிறது, நெல்லைப் பிடுங்கி வரப்பில் குவித்திருக்கிறது. யாருடைய பாத்தி என்று கேட்டார். அண்ணியே கையைத் தூக்கினாராம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. நீ கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மற்றவர்கள் வேலைக்குப் போகும்போது அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்க முடியாது. வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுத்து, அளவு பார்த்து அட்டையில் எழுதுகிற வேலைதான் எனக்கு. அண்ணிக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாதாமாதம் கால் மரத்துப் போகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்க வேண்டும். நானும் கேட்டேன். "நல்லா கீது ஷீபா" என்பார். நானும் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷியின் கண்ணை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த வாரமே காஞ்சிபுரம் பக்கம் இருக்கிற ஒரு தர்ம கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பெயர் ஆஷிகா. முப்பத்தைந்து வயது இருக்கும். சொட்டு மருந்து விட்டு, ஒரு மிஷினில் தாடையை வைத்து உட்காரச் சொல்லிப் படம் எடுத்து, எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். கண்ணுக்குப் பின்னால் திரை மாதிரி ஒன்று இருக்கிறதாம். சர்க்கரையால் அங்கே இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய் கசிந்து, நீர் கோத்து, நடுவில் வீங்கியிருக்கிறது. இரண்டு கண்ணிலும். கண்ணாடி போட்டால் சரியாகாது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். மாதம் ஒன்று, முதலில் மூன்று மாதம், அப்புறம் பார்த்து மேற்கொண்டு. விட்டுவிட்டால் போகிற பார்வை திரும்பாது என்றார்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் அண்ணி எழுந்து செருப்பைத் தேடினார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மரத்துப்போக மருந்து விடுவேன், ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அந்த மூன்றையும் நீங்களே எண்ணுங்கள் என்றார். அண்ணி எண்ணினார். இரண்டு சொல்லும்போதே முடிந்துவிட்டதாம். வெளியே வந்து அதையே பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் இடது கண், ஒரு வாரம் கழித்து வலது கண்.

அந்த வலது கண் ஊசிக்குப் போன நாளில்தான் நாங்கள் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி. எல்லாரும் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். ஊசியைப் போட்டு முடித்த பிறகுதான் டப்பாவைத் திறந்தார். அண்ணி அதைக் கண்ணால் பார்க்கவில்லை, வலது கண்ணில் கட்டு, இடது கண் அப்போது இன்னும் மங்கல். நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்தேன். வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி உருகினார். பெற்ற பிள்ளை கூட எனக்காகச் சாப்பிடாமல் இருந்ததில்லை என்றார்.

இடது கண் பதினைந்தே நாளில் திறந்துகொண்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் காலை முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, "ஷீபா, இங்க வாயேன்" என்று கத்தினார். ஓடிப்போனால், அரிசியிலிருந்து பொறுக்கிய நாலு கல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார். இத்தனை நாளும் கல்லோடுதான் பொங்கித் தின்றிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். அரிசி அப்படியே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆராதனையில் பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் விடுவார்கள். தனக்கு நடந்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சொன்னது சொன்னதுதான்; கடவுளுக்கு முன்னால் சபை கேட்கச் சொன்ன வார்த்தை. அண்ணி எழுந்து புருஷோத்தமன் நிலத்தில் நடந்தது, ஊசி, டாக்டரம்மா சாப்பிடாமல் இருந்தது எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் சந்தோஷம் தாங்காமல், "ரெண்டு கண்ணும் தெரியுதாம்மா?" என்று கேட்டார். அண்ணி ஒரு நொடி நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன், கவனித்தேன். பிறகு, "தெரியுதுங்க பாஸ்டர்" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நானும்தான் சொன்னேன்.

வலது கண் தெரியவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. எல்லாம் தெரிந்த பிறகுதான் அண்ணி சொன்னார். ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியும் அந்தக் கண்ணுக்கு எதிரே நடுவில் ஒரு அழுக்குத் துணி தொங்குகிற மாதிரியே இருந்ததாம். இன்று சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று பார்த்திருக்கிறார். சாட்சி வேறு சொல்லியாயிற்று. இனிமேல் தெரியவில்லை என்றால் அந்தச் சாட்சி பொய்யாகிவிடும். கடவுளுக்கும் அவமானம், சாப்பிடாமல் காத்திருந்த டாக்டரம்மாவுக்கும் அவமானம். இந்த மனுஷிக்குப் புத்தி இப்படித்தான் போயிற்று.

அடுத்த இரண்டு மாதமும் இரண்டு கண்ணுக்கும் ஊசி போட்டார்கள். மூன்றாவது முடிந்து ஒரு மாதம் கழித்து முழுப் பரிசோதனை. பார்வை பார்க்கிற அறைக்கு வெளியே பெஞ்சு. கதவு திறந்தே இருக்கும். உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கிற அட்டையைப் படிப்பார்கள். பெரிய எழுத்தில் தொடங்கி கீழே போகப் போகச் சின்னதாகும். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம். முப்பது பேராவது படித்திருப்பார்கள். ப, ட, ம என்று ஒரு வரி. க, ர, ந, ல என்று ஒரு வரி. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துத் தொந்தரவு பண்ணாமல் விட்டேன்.

உள்ளே போய் இரண்டு கண்ணிலும் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். அங்கே பார்வை பார்க்கிற சிஸ்டர் அசந்துபோய், சபாஷ் ஆயா என்றாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இடது கண் நன்றாக வற்றிவிட்டது. வலது கண்ணில் வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பார்வை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றார். இன்னும் ஒருமுறை கேட்டார், வலது கண் எப்படி இருக்கிறது, படிக்க, நடக்க, வேலை செய்ய கஷ்டமாக இருக்கிறதா என்று. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க புண்ணியத்துல நல்லா கீது டாக்டரம்மா. ஒரு கொறையும் இல்ல."

பார்வை நன்றாக இருக்கும்போது வீணாக ஊசி போட வேண்டாம், காத்திருந்து பார்க்கலாம், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் நான் பஜ்ஜி வாங்கிக்கொடுத்துக் கொண்டாடினேன். அண்ணி ஒன்றே ஒன்று தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்றார்.

புருஷோத்தமன் சம்பா நடவுக்குத் திரும்பக் கூப்பிட்டார். அண்ணி போனார். இடது கண்ணை வைத்தே சமாளித்தார். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். வலது பக்கம் யாராவது வந்தால் கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துத் திருப்பிப் பார்ப்பார். கேட்டால் கழுத்து பிடித்துக்கொண்டது என்பார். நான் தைலம் தேய்த்துவிட்டேன். கண் கோளாறுக்குக் கழுத்தில் தைலம் தேய்த்த முட்டாளை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்த முட்டாள் நான்தான்.

இரண்டு மாதம் என்றது மழையாலும் வேலையாலும் மூன்றரை மாதம் ஆகிவிட்டது. பொங்கல் கழித்துத்தான் போனோம். அன்றைக்கு வெளிப் பெஞ்சில் கூட்டமில்லை, போனவுடன் கூப்பிட்டுவிட்டார்கள். எப்போதும் வலது கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிஸ்டர் அண்ணியின் இடது கண்ணை மூடிவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, படிங்கம்மா என்றாள்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, "ப, ட, ம" என்றார். நிறுத்தாமல், "க, ர, ந, ல" என்றார். வசனம் ஒப்பிக்கிற அதே ராகம்.

நான் சுவரைப் பார்த்தேன். பழைய அட்டை அங்கே இல்லை. புதிதாக ஒரு விளக்குப் பெட்டி மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை; எல்லாம் நம்பர். ஆறு, மூன்று, ஒன்பது என்று ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அண்ணி மட்டும் விடாமல் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தார். "அம்மா, மேல பெரிசா எரியுதே, அது என்ன?" என்று சிஸ்டர் கேட்டாள். அண்ணி நிறுத்தினார். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு, "லைட்டு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த இடத்திலேயே, நாலு பேர் கேட்கக் கத்தினேன். எத்தனை நாளாக இப்படி, எத்தனை பேரை ஏமாற்றினீர்கள், உங்களுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவள் என்ன பைத்தியமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் போய் டாக்டரம்மாவையே அழைத்து வந்தாள். அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கொஞ்சம் உட்காருங்கள் என்றார். முதலில் மிஷினில் படம் எடுத்தார். போன தடவையைவிட இரண்டு மடங்கு வீக்கம்.

அண்ணிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

"எப்டிம்மா சொல்றது? எனக்கோசரம் சோறு துன்னாம காத்துகினு இருந்தீங்க. அந்த கையால போட்ட ஊசி வேல செய்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது? கோயில்ல வேற சாட்சி சொல்லிட்டேன்."

மிஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாராம். தெரியுது என்று தான் சொல்வது ஒரு மரியாதைக்கு, டாக்டரம்மாவின் மனசு குளிர, அவ்வளவுதானாம்.

டாக்டரம்மா சொன்னதை நான் மறக்க மாட்டேன். "மிஷின் வீக்கத்தைத்தான்மா காட்டும். உங்களுக்கு என்ன தெரியுதுன்னு அதுக்குத் தெரியாது. நல்லா தெரியுதுன்னு நீங்க சொன்னீங்க. அதனாலதான் நான் ஊசியை நிறுத்தினேன்."

அண்ணி தலையைத் தூக்கினார்.

"எம்பேச்ச கேட்டா நிறுத்தினீங்க?"

"ஆமாம்மா. உங்க பேச்சைக் கேட்டுத்தான்."

அண்ணி அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு. கண் போனதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் காரணம் சொன்னார். ஐம்பத்தாறு வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் ஒரு காரியமும் செய்ததில்லை ஷீபா, அப்பா கேட்கவில்லை, புருஷன் கேட்கவில்லை, நிலத்துக்காரர் கேட்கவில்லை. ஒரே ஒருத்தர் கேட்டார், அவரிடம் போய் நான் பொய் சொல்லிவிட்டேன் என்றார். என் கோபம் அந்த பஸ்ஸிலேயே இறங்கிவிட்டது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நானும் இத்தனை நாளாக அவர் பேச்சைக் கேட்கவில்லை, டிக் மட்டும்தான் போட்டேன் என்று சொன்னேன்.

அன்றைக்கே வலது கண்ணுக்கு ஊசி போட்டார்கள். மருந்தும் வேறு மாற்றினார்கள். டாக்டரம்மா ஒன்றை மட்டும் நேராகச் சொன்னார்: இந்த மூன்றரை மாதத்தில் கெட்டது எவ்வளவு திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் போகாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன். அண்ணி சரிங்க என்றார். பிறகு, போன தடவை ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் வலித்தது, அதையும் சொல்லவில்லை என்றார். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணி சர்ச்சில் மறுபடி எழுந்தார். வேண்டாம், பாஸ்டரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சபைக்கு முன்னால் சொன்னதைச் சபைக்கு முன்னால்தான் திருத்த வேண்டும் என்றார்.

"போன தபா ரெண்டு கண்ணும் தெரியுதுன்னு சொன்னேன். ரெண்டு இல்ல, ஒண்ணுதான். இன்னொண்ணு நான் சொன்ன பொய்யி. டாக்டரம்மா மேல தப்பு இல்ல, சாமி மேலயும் தப்பு இல்ல. தெரியிற ஒண்ணுக்கு ஸ்தோத்திரம் சொல்றேன்."

பாஸ்டர் எழுந்து, அன்றைக்கு அந்தக் கேள்வியை அவசரப்பட்டுக் கேட்டது நான்தான், என்னை மன்னியுங்கள் அம்மா என்றார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்காயிற்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டிவலி போய்விட்டது என்று சாட்சி சொன்னவள். வலி போகவே இல்லையாம், மாடிப்படி ஏறினால் உயிர் போகிறதாம், ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்கிறாள். அந்த வாரம் மாத்திரை கொடுக்கப் போனால் வீட்டுக்கு வீடு புகார். ஒருத்திக்குக் கால் மரக்கிறது, ஒருத்தருக்கு இரவில் நாலு தடவை ஒன்றுக்கு. இரண்டு பேருக்குக் கண் மங்கலாம். ஒரு வருஷமாக நான் டிக் போட்ட அட்டை மொத்தத்தையும் அடித்து எழுதினேன். கண் மங்கலான இரண்டு பேரையும் அடுத்த முறை எங்களோடே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பெஞ்சில் அண்ணி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், டாக்டரம்மா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஓதிக்கொண்டே இருந்தார்.

வலது கண்ணுக்கு இதுவரை ஐந்து ஊசி ஆகிவிட்டது. அழுக்குத் துணி கொஞ்சம் விலகியிருக்கிறது என்கிறார். ஓரமெல்லாம் தெளிவு, நடுவில் மட்டும் மங்கல். முகம் தெரிகிறது, முகத்தில் மூக்குத்தி தெரியவில்லை. இதற்கு மேல் பெரிதாக வராது, ஆனால் நின்றுவிட்டது, நிறுத்திவிட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண் நன்றாகவே இருக்கிறது. அண்ணி களைக்குப் போகிறார். முதல் நாளே புருஷோத்தமனிடம், எனக்கு வலது கண் அரைகுறைதான், வலது ஓரம் யாராவது கூட வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்று ஒரு பெண்ணைப் பக்கத்தில் விட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே அண்ணிக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று நாள் அதைப் பற்றியே பேசினார்.

போன மாதம் பரிசோதனை முடிந்து கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தாள்கட்டோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் கேட்டு எழுதுகிறார்களாம். உங்கள் பார்வை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரைப் பார்த்தார். முகம் கனிந்தது. எனக்குத் தெரியும் அந்த முகம். அந்த முகத்தோடுதான் கும்பிட்டுக்கொண்டு பொய் சொன்னார். பத்து என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணி யோசித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆறு" என்றார்.

அந்தப் பெண் ஆறைப் போட்டுவிட்டு, மீதி நாலு ஏன் குறைந்தது, சிகிச்சையில் என்ன குறை என்று கேட்டாள். அண்ணி தாளை எட்டிப் பார்த்தார்.

"அந்த நாலு, நான் வாய மூடிகினு போக்கடிச்சது. அத டாக்டரம்மா பேர்ல எழுதாத கண்ணு."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதும்மா, ஆனால் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுது என்றேன். அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.